தடைக்காலத்துப் புருஷன்

கச்சிராயபாளையத்தில் இறங்கி அம்சவள்ளி வீடு எங்கே என்று கேட்டுப் பாருங்கள். "எந்த அம்சவள்ளி? தடைக்காலத்து அம்சவள்ளியா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். அந்த ஊருக்கும் கடலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கண்ணில் படுவதெல்லாம் கல்வராயன் மலையும் கோமுகி அணையும் கரும்புக் கொல்லைகளும்தான். கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்று அரசாங்கம் தடை போடுகிற மாதங்கள் இவள் பெயரோடு எப்படி வந்து ஒட்டிக்கொண்டன என்கிறீர்களா? அதைத்தான் சொல்ல வந்தேன்.

அவள் புருஷன் சின்னராசு கடலூர் துறைமுகத்தில் விசைப்படகுக் கூலி. குடும்பத்துக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. கரும்பு வெட்டு இருந்தால் சோறு, இல்லையென்றால் கஞ்சி. மழை ஏமாற்றிய ஒரு வருஷம் பக்கத்து வீட்டுச் சடையன் "கடலுக்கு வர்றியாடா" என்று கூப்பிட்டான். அணைத் தண்ணீரில் முக்குளித்து வளர்ந்த சின்னராசு, கடல் எந்தத் திக்கில் இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் வலை இழுக்கப் போய்விட்டான். போனவன் போனவன்தான். தீபாவளிக்கு வந்தால் மறுநாளே பஸ். பொங்கலுக்கு வந்தால் மாட்டுப் பொங்கல் வரைக்கும்கூட இருக்க மாட்டான்.

ஆனால் சித்திரை பிறந்ததும் கடலில் மீன் முட்டையிடுகிற காலம் என்று விசைப்படகுகளையெல்லாம் கரையில் கட்டச் சொல்லிவிடுவார்கள். கடற்கரை முழுக்க அதற்குச் சாபம்தான். படகு முதலாளி திட்டுவார், ஐஸ் கம்பெனிக்காரர் திட்டுவார், கூடைக்காரிகள் மண்ணை வாரித் தூற்றுவார்கள். அந்தத் தடைக்குக் கற்பூரம் காட்டிய ஒரே ஆத்மா நம் அம்சவள்ளி. அவளுக்குப் புருஷன் என்று ஒருவன் வீட்டில் இருப்பதே அப்போதுதான்.

தடை தொடங்கும் அன்று காலையில் எழுந்ததும் அவள் அணைக்கரைக்குப் போவாள். அங்கே பரிசலில் மீன் பிடிக்கும் கந்தசாமியிடம் துள்ளத் துள்ளக் கெண்டை வாங்கி வருவாள். முதல் வருஷம் வந்தபோது சின்னராசு, "கடல் மீனு வாசனையே இல்லாத ஒரு கொழம்பு வையி வள்ளி" என்று கெஞ்சியிருந்தான். அன்றிலிருந்து அந்த வீட்டில் அணை மீன் குழம்பு அவன் வரும் நாளில் மட்டும்தான். மற்ற நாளில் யாராவது சும்மா கொடுத்தால்கூட வாங்க மாட்டாள். ஒரு பக்கம் விளங்காமல் கயிற்றுக் கட்டிலில் கிடந்த மாமனார் பாவாடைக்கு அந்த வாசனைதான் தந்தி. மூக்கில் ஏறிய உடனே, "பையன் வந்துட்டானா?" என்பார். சட்டை போட்டுவிடச் சொல்லி, மகன் முன்னால் சட்டையோடுதான் உட்காருவார்.

அந்த நாட்களில் சின்னராசு அப்பனைத் தூக்கிக்கொண்டு போய் வாய்க்காலில் குளிப்பாட்டுவான். அவளோடு கரும்பு வெட்டப் போவான். மத்தியானம் வேப்ப மரத்தடியில் அவன் அசந்து தூங்கும்போது, வேலையை அப்படியே போட்டுவிட்டு அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வெட்கம் கெட்டவள் என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். வருஷம் முழுக்கக் காத்துக் கிடந்தவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஒன்றரை மாதமாக இருந்த தடையை இரண்டு மாதம் ஆக்கினார்களே, அந்தச் செய்தி வந்த அன்று தெருவுக்கே சர்க்கரை கொடுத்தாள். சடையன் பெண்டாட்டி ஆயம்மாள், "கவுருமெண்டுக்கு ஒன் மேல இன்னாடி அம்மாம் பாசம்?" என்று கிண்டலடித்தாள். தடைக்காலத்து அம்சவள்ளி என்று பெயர் வைத்ததும் அவள்தான்.

கண் பட்டுவிட்டதோ என்னவோ, அதற்குப் பிறகு முதலாளிகள் ஒரு வழக்கம் கொண்டுவந்தார்கள். தடைக்காலத்தில் படகுக்குப் பெயின்ட் அடிக்க, வலையைச் சீர் பண்ண என்று கூலி ஆட்களை அங்கேயே நிறுத்திவைத்தார்கள். ஒரு வருஷம் சின்னராசு ஒரு வாரம்தான் வந்தான். அடுத்த வருஷம் வரவே முடியாது என்று சொல்லிவிட்டான். அம்சவள்ளி சோறு தண்ணி இல்லாமல் சுருண்டு படுத்துவிட்டாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் துறைமுகத்தில் ஆமை ஆபீசுக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். கடலில் மீன் வளம் அழியாமல் காப்பாற்ற வேண்டும் என்று வேலை செய்கிற ஒரு தொண்டு நிறுவனம் அது. போர்டில் ஆமைப் படம் இருந்ததால் ஜனங்கள் வைத்த பெயர் அப்படி. படகில் போகிறவர்களின் குடும்பங்களும் வரலாம் என்றார்கள். மாமனாரை அன்று ஒரு நாள் மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லி நாத்தனார் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டு, ஆயம்மாளோடு உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறிக் கடலூர் போய்ச் சேர்ந்தாள்.

ஏலக் கொட்டகையில் கூட்டம். ஆபீசு மேடம் குஞ்சு மீனையும் வாரிவிடுகிற சின்னக் கண் வலையால் வரும் கேடு, சினை மீன், தடைக்காலம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். எழுந்தவர்கள் எல்லாரும் தடையை எடுக்கச் சொல்லித்தான் பேசினார்கள். இருந்த ஒரு தடையும் போய்விடும் போலிருந்தது அம்சவள்ளிக்கு. எழுந்துவிட்டாள்.

"மேடம், மீனு முட்டை போட்டுக்கினு நிம்மதியா இருக்கட்டும்னு ரெண்டு மாசம் வுட்றீங்க. சரிங்க. வலை இழுக்கிறவனுக்கும் வூடு இருக்குதுங்க. படகைக் கட்டிட்டு ஆளை அவுத்து வுடலைன்னா அது இன்னா தடைங்க? மீனு அது வூட்ல இருக்குது. எங்க ஆளுங்கதான் வூட்ல இல்ல."

கொட்டகை சிரித்தது. பிறகு யாரோ கை தட்ட, எல்லாரும் தட்டினார்கள். மேடம் அதை லேசில் விடவில்லை. முதலாளிகளோடு பலமுறை உட்கார்ந்து பேசி, வெளியூர் ஆட்களைத் தடை முடியும் வரைக்கும் ஊருக்கு அனுப்புவது என்று ஒப்புக்கொள்ள வைத்தார். கதை இதோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

மேடம் இன்னொன்றும் செய்தார். இப்படிப் பேசுகிற பெண்ணின் புருஷன் யார் என்று விசாரித்தார். மூச்சுப் பிடித்து முக்குளிப்பதில் சின்னராசுக்கு ஈடு துறைமுகத்தில் ஆள் இல்லை என்று தெரிந்தது. கடலுக்கடியில் பாறைகளில் அறுந்து கிடக்கும் வலைகளில் மீனும் ஆமையும் மாட்டிச் சாகின்றன. அந்த வலைகளை அறுத்து மேலே கொண்டுவர ஓர் ஆள் வேண்டும். மாதச் சம்பளம், ராத்திரி கரையில் தூக்கம். விசைப்படகுகள் ஓடாமல் கடல் தெளிந்திருக்கிற போதுதான் அந்த வேலை நடக்கும். அதாவது, தடைக்காலத்தில். மற்ற மாதங்களில் குப்பம் குப்பமாகப் போய் மீனவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

சின்னராசு போனில் இதையெல்லாம் சொன்னான். "நீ வேணாம்னா வேணாம்னு சொல்லிட்றன் வள்ளி" என்றான்.

வேண்டாம் என்று சொல்ல அவள் நாக்கு துடித்தது. ஆனால் புயல் அடித்த ஒரு வருஷம் அவனிடமிருந்து சேதியே இல்லாமல், செல்லியம்மன் கோயிலே கதியாகக் கிடந்தது நினைவுக்கு வந்தது. அவனைப் படகிலிருந்து இறக்கிவிடு தாயே என்றுதான் அன்றைக்கு வேண்டியிருந்தாள். அம்மன் இறக்கிவிட்டாள், இந்த லட்சணத்தில்.

"ஒத்துக்குங்க" என்றாள். "கரையில இருக்கிற ஆளு என்னைக்குனா வூடு வந்து சேரும்."

போனை வைத்துவிட்டுத் தெருக்குழாயடியில் குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் அழுதாள். ஆமை ஆபீசை வாயில் வந்தபடி திட்டினாள். கடைசியில் கூட்டத்தில் நீண்ட தன் வாயைத் திட்டினாள். மாமனாரை விட்டுவிட்டுக் கடலூரில் போய்க் குடியிருக்க முடியாது. அவரோ மலை கண்ணில் படாத ஊரில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்கிறவர்.

தடை தொடங்கும் நாள் வந்தது. காலையில் அவள் கால் தானாக அணைக்கரைக்குப் போனது. கந்தசாமி ஆள் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே கெண்டையை எடுத்துப் போட்டான். அவளும் தலையை ஆட்டிவிட்டாள். ஏன் ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. மீனோடு நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். சடையன் இறங்கினான். அவன் பின்னால் அக்கம்பக்கத்து ஊர் ஆட்கள் ஒவ்வொருவராகப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். எல்லாருக்கும் முழுசாக இரண்டு மாதம்.

ஆயம்மாள் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒன் வாய்க்குச் சர்க்கரை போடணும்டி அம்சா. ஒன்னாலதான் எங்க ஆளு வந்துச்சி" என்றாள். அம்சவள்ளி சிரித்தாள். பஸ் காலியாகிக் கிளம்புகிற வரைக்கும் அதன் படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாங்கிய மீனை என்ன செய்வது? குழம்பு வைத்தாள். புளி கொதித்து வாசனை எழுந்த உடனே உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அம்சா, பையன் வந்துட்டானா?"

புது வேலை பற்றி அவரிடம் எல்லாம் சொல்லித்தான் இருந்தாள், அவரும் தலையாட்டித்தான் இருந்தார். மூக்கு அதையெல்லாம் கேட்கவில்லை. விளங்குகிற கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து சட்டையைக் கேட்டார். அவள் போட்டுவிட்டுப் பொத்தானை மாட்டினாள். மூன்று தட்டு வைத்தாள். அவர் தட்டைத் தொடவில்லை. மகன் கை கால் கழுவிக்கொண்டு வரட்டும் என்றார்.

குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. அவளால் அதற்கு மேல் முடியவில்லை. "மாமா, அவுரு வரல. நான்தான் மறந்துபோயி கொழம்பு வெச்சிட்டன்" என்றாள்.

பாவாடை வாசலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் அழுதுவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"நானும்தான் மறந்துட்டன்" என்றார். "போடு, சாப்புடலாம்."

சட்டையைக் கழற்றட்டுமா என்று கேட்டாள். இருக்கட்டும் என்றார். பக்கத்து வீட்டில் சடையன் ஏதோ சொல்ல, ஆயம்மாள் சிரிப்பது கேட்டது. அம்சவள்ளி கெண்டையின் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, மாமனாருக்குச் சோற்றைப் பிசைந்து ஊட்டினாள்.