முதலாவது ஆளாக ஒரு தெரியாத பெடியன்

எனக்கு முழங்கால் மாற்றிய வருடம், மகள் பீல் நகரத்தில் வீடு வாங்கிய வருடம், ஏரிக்கரை மைதானம் பங்குனி முழுக்கச் சேறாகக் கிடந்த வருடம். அதாவது இந்த வருடம்தான்.

(எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு ஆண்டுகள் இப்படித்தான் நினைவில் நிற்கும். இதையும் போனுக்குச் சொல்கிறேன், அது எழுதுகிறது. பிழை இருந்தால் அதனோடு கதையுங்கள்.)

போன ஞாயிறு எங்கள் மென்பந்துக் கிரிக்கெட் கழகத்துக்கு ஆள் எடுத்தார்கள்.

தெரியாதவர்களுக்கு: புதிதாக விளையாட வரும் பிள்ளைகளை இந்தப் பக்கத்து மூன்று தமிழ்க் கழகங்களும் ஒரே இடத்தில் கூடி, முறைவைத்து ஒவ்வொருவராக எடுக்கும். போன வருடம் கடைசியாக வந்த கழகத்துக்கு முதல் தெரிவு.

முதல் தெரிவு எங்களுக்கு. (பெருமையாகச் சொல்கிற விசயம் இல்லை.)

முன்பு எங்களுக்கு ஆள் எடுத்தது மூன்று பேர்: நான், மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் பென்சன் எடுத்த சிவம், பேக்கரி பொன்ராசா. மூன்று வருடம் தொடர்ந்து கடைசியாக வந்ததும் நிர்வாகம் அந்த வேலையைப் பயிற்சியாளர் நிசாந்தனிடம் கொடுத்துவிட்டது. இங்கே சுவிஸிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை.

ஆனால் ஒரு நிபந்தனை. அவன் எடுக்கும் முதல் ஆள் அன்று பின்னேர மேட்ச்சில் சொதப்பினால், வேலை திரும்ப எங்களிடம் வரும்.

ஆகவே நாங்கள் மைதான ஓரத்து வாங்கில் உட்கார்ந்து என்ன வேண்டிக்கொண்டோம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

எங்கள் அளவுகோல் ஒன்றுதான். ஒரு பெயர் வாசித்ததும் சிவம் என் பக்கம் திரும்பி, யாருடைய மகன் என்று கேட்பான்: "ஆற்றை மோன்?"

நான் சொல்லுவேன். தகப்பன் எந்தக் கழகத்தில் ஆடினான், எத்தனை பிடி விட்டான், எந்த அம்பயரோடு சண்டை பிடித்தான். எல்லாம் தலைக்குள் இருக்கிறது. அதை வைத்து சிவம் பத்துக்குப் புள்ளி போடுவான்.

அன்று பத்துக்குப் பத்து வாங்கியவன் நேசனின் மகன். நேசன் ஒரே ஓவரில் நாலு சிக்ஸ் அடித்தவன்.

நிசாந்தன் எழும்பினான். "ஆரண்," என்றான்.

"ஆற்றை மோன்?"

எனக்குத் தெரியவில்லை.

"உங்களுக்கே தெரியாதோ அண்ணை?" பொன்ராசா நம்பாமல் பார்த்தான்.

"தெரியேல்லை."

"அப்ப பூச்சியம்," என்றான் சிவம். சொன்னதோடு நிற்காமல் நிசாந்தனிடமும் போனான்.

"தம்பி, உவன்ரை தேப்பன் எங்கையாவது விளையாடினவரோ?"

"தெரியாது மாமா. கேக்கேல்லை."

"கேக்கேல்லையோ?"

"சூக்கில ஸ்கூல் கிரவுண்டில பந்து எறிஞ்சுகொண்டு நிண்டவன். பாத்தன். அதுவே காணும்."

"நேசன்ரை மோன் இருக்கேக்க?"

"நேசன் அங்கிள் நல்லா அடிப்பார்தான் மாமா. அவருக்கு இப்ப அம்பத்தெட்டு வயசு, அவரை எடுக்கேலாது."

அடுத்த நிமிடமே சூக் நகரத்துக் கழகம் நேசனின் மகனைத் தூக்கிக்கொண்டது. அவர்கள் சிரித்த சிரிப்பு எங்களுக்குக் கேட்டது.

பின்னேரம் சூக்கோடுதான் மேட்ச். ஆரண் துடுப்போடு போனான், முதல் பந்திலேயே திரும்பி வந்தான்.

"நான் அப்பவே பூச்சியம் போட்டிட்டன்," என்று சிவம் கையைத் தேய்த்தான். நாங்கள் அடுத்த வருடம் யாரை எடுப்பது என்று கதைக்கவே தொடங்கிவிட்டோம்.

கடைசிப் பந்து. இரண்டு ஓட்டம் எடுத்தால் சூக்குக்குச் சமன், நாலு போனால் வெற்றி. அடிக்க நின்றவன் நேசனின் மகன்.

அடித்தான். பந்து எல்லைக் கோட்டுப் பக்கம் ஓடியது. ஒரு ஓட்டம் முடித்து இரண்டாவதுக்குத் திரும்பினார்கள்.

ஆரண் பந்தைப் பொறுக்கினான். தோளை உயர்த்தவில்லை. இடுப்பளவில் கையைச் சுழற்றி ஒரு வீச்சு.

விக்கெட் பறந்தது. ஒரு ஓட்டத்தால் வென்றோம்.

சிவம் என்னைக் கட்டிப் பிடித்தான். (தான் எதிர்ப்பக்கம் என்பது பிறகுதான் ஞாபகம் வந்து கையை எடுத்தான்.)

நான் எழும்பவில்லை. அந்தக் கையை எனக்குத் தெரியும்.

பார்த்தது மைதானத்தில் இல்லை. டாவோஸில், ஒரு ஹோட்டல் குசினியில். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நாங்கள் ஐந்து பேர் அங்கே கோப்பை கழுவிக் கிழங்கு சீவினோம். ஒருவன் யன்னலோரம் நின்று சீவிய கிழங்கை அப்படியே இடுப்பளவில் வீசுவான், அந்தப் பக்கச் சுவரோரம் இருக்கும் பெரிய கிடாரப் பானைக்குள் விழும். சமையல்காரன் சோதிப்பதற்காகக் கிடாரத்தைத் தள்ளித் தள்ளி வைப்பான். ஒன்றும் தவறியதில்லை.

பெடியனைக் கூப்பிட்டேன்.

"தம்பி, உன்ரை அப்பப்பா டாவோஸில ஹோட்டல் குசினியில நிண்டவரோ?"

"ஓம். எப்பிடித் தெரியும்?"

"கிழங்கு எறியிறவரோ?"

"இப்பவும் எறியிறவர். அப்பம்மா பேசுறவ."

இப்பவும்.  கனடாவுக்குப் போனான், அங்கேயே செத்துப்போனான் என்று எவனோ சொன்னதை இத்தனை வருடம் நம்பியிருந்தேன்.

அதற்குள் சிவம் ஓடிவந்தான். "பாத்தியோ நிசாந்தன், ஆற்றை பிள்ளையெண்டு கேக்கிறது பிழையே?"

"நீங்கள் கேட்டுப்போட்டுப் பூச்சியம் போட்டனீங்கள் மாமா."

நிர்வாகத்துக்கு நானே சொன்னேன், வேலை நிசாந்தனிடமே இருக்கட்டும் என்று. பொன்ராசா தலையாட்டினான். சிவம் கொஞ்சம் இருமிவிட்டு "ஓம்" என்றான்.

ஆரண் தன் அப்பப்பாவுக்குப் போன் அடித்துத் தந்தான். நான் என் பெயரைச் சொன்னேன். மற்றப் பக்கம் சுகம் கூட விசாரிக்கவில்லை.

"பெடியனை எத்தினையாவதா எடுத்தவங்கள்?"

"முதலாவதா."



"எடுத்தது நீயோ?"

"இல்லை. நானெண்டால் நேசன்ரை மோனை எடுத்திருப்பன்."

சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு அரை மணித்தியாலம் அவன் அந்த மேட்ச்சைப் பந்து பந்தாகக் கேட்டான், நான் சொன்னேன்.

அந்தக் குசினியில் நின்ற ஐந்து பேரில் மூன்று பேரின் செத்தவீட்டுக்கு நான் போனேன். என்னைத் தவிர யாருமே மிச்சமில்லை என்று உங்களில் பலருக்குச் சொல்லியும் இருக்கிறேன். பிழை. இன்னும் ஒருவன் இருக்கிறான்: தில்லையம்பலம்.