தாடிக்காரன் பிடித்த மீன்

மகளுக்கு ஹெட்போன் வேண்டுமாம். புதிது வாங்கும் வரை இதை வைத்துக்கொள் என்று, மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலையில் நான் மாட்டிக்கொண்டிருந்ததைப் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். காதில் வைத்ததும் அதன் கறுப்பு ஸ்பாஞ்சு பொடியாக உதிர்ந்து, அவள் இரண்டு கன்னத்திலும் அப்பிக்கொண்டது.

"ம்மா, தாடி மொளச்ச மாதிரி இருக்கு" என்றாள்.

"எனக்குக்கூட ஒரு காலத்துல தாடி இருந்துச்சு" என்றேன்.

அவள் கேட்கவில்லை. அதற்குள் போனில், நான்கு ஊர்களில் இருக்கும் நான்கு பேரோடு சேர்ந்து யாரையோ சுடப் போய்விட்டாள். நீங்களாவது கேளுங்கள்.

உதிர்ந்த ஸ்பாஞ்சில் இன்னும் தேங்காயெண்ணெய் வாசனை இருந்தது. இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் புதுச்சேரியில் அது எங்கள் ஆபீசின் வாசனை. காலை ஆறு மணி ஷிப்ட். ஒரே கூடத்தில் முப்பது பேர் எண்ணெய் வைத்து வாரிய தலையோடு உட்கார்ந்திருப்போம். ஒவ்வொருவர் காதிலும் ஓர் அமெரிக்க டாக்டர் யாருடைய ஈரலைப் பற்றியாவது பேசிக்கொண்டிருப்பார். அதைக் கேட்டு டைப் அடிக்க வேண்டும். பக்கத்துச் சீட்டுப் பெண்ணின் பெயரைத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று மாதம் ஆனது. அவளுடைய டாக்டருக்குத் தொண்டை கட்டியிருந்தது முதல் நாளே தெரிந்துவிட்டது.

மதியம் இரண்டு மணிக்கு வெளியே வந்தால், இனி மனிதக் குரலே வேண்டாம் என்றிருக்கும். புதுச்சேரியின் சாரம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் அது ஒன்றுதான் தாராளமாகக் கிடைக்கும். அம்மா பேசுவாள், அப்பா பேசுவார், இருவரும் ஓய்ந்தால் அப்பாவின் ரேடியோ பிரெஞ்சில் செய்தி வாசிக்கும். ஆகையால் வீட்டுக்குப் போகும் வழியில் தெருமுனை பிரவுசிங் சென்டரில் ஒதுங்கிவிடுவேன். எஸ்.டி.டி. பூத்தாக இருந்து முன்னுக்கு வந்த கடை அது. பிளைவுட் தடுப்புக்குள் ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், வேறு யாருக்கோ காற்று வீசும் ஒரு ஃபேன்.

அங்கே நான் விளையாடியது இலவசமாகக் கிடைத்த ஓர் ஆன்லைன் விளையாட்டு. பழைய காலத்து ராஜ்ஜியம் ஒன்று. உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே சமயத்தில் அதற்குள் நடமாடுவார்கள். கூட்டம் சேர்த்துக்கொண்டு குகைக்குள் போய்ப் பூதத்தோடு சண்டை போடுவார்கள். அவர்கள் பேசுவது தலைக்கு மேல் மஞ்சள் எழுத்தில் வரும். நான் ஆற்றங்கரையில் நின்று மீன் பிடிப்பேன். பிடித்ததைச் சுடுவேன். பாதி கருகிவிடும். மறுபடி பிடிப்பேன்.

தனியாக மீன் பிடிக்க வேண்டுமென்றால் தனி ஆள் விளையாட்டு எத்தனையோ இருக்கிறதே என்பீர்கள். அதில் ருசி இல்லை. பின்னால் நாலு பேர் கத்திக்கொண்டு ஓட, அதைக் கவனிக்காமல் இருப்பதில்தான் சுகம். பீச்சுக்குப் போவதும் அப்படித்தான். கடலைப் பார்க்கத்தான் போகிறோம் என்றாலும், ஓர் ஆளும் இல்லாவிட்டால் திரும்பி வந்துவிடுவோம்.

முதலில் பெண்ணாகத்தான் உள்ளே போனேன். ஐந்து நிமிடத்தில் மூன்று பேர் வயது கேட்டார்கள். ஒருவன் ஒரு வாளைப் பரிசாகக் கொடுத்துவிட்டு போட்டோ கேட்டான். மறுநாள் தாடியும் தொப்பையுமாக ஓர் ஆளைத் தயார் செய்துகொண்டு போனேன். பெயர் பார்பூ. பிரெஞ்சில் தாடிக்காரன். அதற்கப்புறம் ஒருவரும் நலம்கூட விசாரிக்கவில்லை. அவ்வளவு நிம்மதியாக நான் எந்தத் தெருவிலும் நடந்ததில்லை.

கடை அக்கா மட்டும் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்ப்பார். "பொண்ணுங்கள்லாம் சாட்டிங் பண்ணுதுங்க. நீ என்னடான்னா மீன் புடிச்சிக்கினு இருக்க. காலாப்பட்டு போனா நெஜ மீனே வாங்கலாம்."

இந்த ராஜ்ஜியத்தை எனக்குக் காட்டியது என் அண்ணன் ஜெரோம். அவன் பெயர் அங்கே வேங்கை. பெயர்தான் வேங்கை, சாரத்தில் இருந்தவரை அவனும் என்னைப் போலத்தான். ஓர் ஓரமாக மரம் வெட்டுவான், யாரோடும் பேச மாட்டான். வீட்டிலும் கேட்ட கேள்விக்கு 'ம்' என்பான். கேட்காவிட்டால் அதுவும் கிடையாது.

அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவருடைய பிரெஞ்சுக் குடியுரிமை எங்களுக்கும் வந்தது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் முதலில் பாஸ்போர்ட்டைப் பார்த்தார்கள். முகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற நிதானம் அவர்களுக்கு இருந்தது. எங்கள் மாதிரி வீடுகளில் பள்ளி முடித்த பையன் பிரான்சுக்குப் போய்ப் பட்டாளத்தில் சேர்வது, மற்ற வீடுகளில் டியூஷன் போவது மாதிரி. அண்ணனும் போனான். பிடிக்காவிட்டால் ஆரம்ப மாதங்களில் விலகிக்கொள்ளலாம் என்று அங்கே ஒரு விதி. அவன் விலகி, ஏதோ ஓர் ஓட்டல் சமையலறையில் சேர்ந்துவிட்டு, அதைச் சொல்ல ஃபோன் செய்தான்.

அப்பாவுக்குக் கோபம் வந்தால் பிரெஞ்சு வந்துவிடும். பயந்து ஓடியவன் இனிமேல் இந்த வீட்டுக்கு ஃபோன் பண்ண வேண்டாம் என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டார். அண்ணன் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. பண்ணவில்லை.

ஏழு மாதம். அறையை மாற்றிவிட்டான், பழைய நம்பரும் போய்விட்டது. அம்மா சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு அப்படியே எழுந்துவிடுவாள். இருக்கிறானா இல்லையா என்றே எங்களுக்குத் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. பயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல்தான் அவ்வளவு மீன் பிடித்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு மதியம் அவன் பெயரை என் நண்பர்கள் பட்டியலில் தட்டிப் பார்த்தேன். இதை ஏழு மாதம் முன்பே செய்திருக்கலாம். நண்பர்கள் பட்டியல் என்ற ஒன்று அங்கே இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஆள் உள்ளே இருந்தால் பெயர் பச்சையில் எரியும், இல்லாவிட்டால் சிவப்பு. வேங்கை பச்சையில் எரிந்தது. அவன் வழக்கமாக நிற்கும் காட்டோரத்துக்குப் போய்த் தூரத்திலிருந்து பார்த்தேன்.

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்.

"என்ன பண்ணிட்டு இருந்தான்?"

"மரம் வெட்டிட்டு இருந்தான்மா."

"அங்க குளிரு. வேணுமில்ல" என்றாள் அம்மா.

அது பொம்மை என்று விளக்கப் பார்த்தேன். "தெரியும்டி. ஆட்டி வைக்கிறது அவன்தானே" என்றாள்.

அன்றிலிருந்து நான் வீட்டுக்குள் கால் வைத்ததும் முதல் கேள்வி "பச்சையா, செவப்பா?" என்பதுதான். அந்த நேரத்தில் அப்பா ரேடியோவின் ஒலியைக் குறைப்பார். செய்தி சரியாகக் கேட்க வேண்டும் என்பதற்காக என்று நாங்கள் வைத்துக்கொண்டோம்.

ஒரு நாள் அம்மா கேட்டாள். "நீ என்னடி பண்ற அங்க?"

"மீன் புடிக்கிறேன்."

"அவனுக்குக் குடுத்தியா?"

"இல்லம்மா."

"கூடப் பொறந்தவன் அங்க நிக்கிறான், நீ மீனப் புடிச்சி பையில போட்டுக்கினு வர்றியா?"

"குடுக்குறேன்மா" என்றேன்.

"எறா மட்டும் குடுத்துடாத. அவனுக்கு ஒத்துக்காது. ஒடம்பெல்லாம் தடிச்சிடும்."

நான்தான் உன் தங்கை என்று சொல்லிவிட்டுக் கொடுத்திருக்கலாம். வீடு தன்னைக் கவனிக்கிறது என்று தெரிந்தால் பெயரை மாற்றிக்கொண்டு போய்விடுவானோ என்று பயம். அதற்கப்புறம் அவனைத் தேட வேறு இடமே கிடையாது. பார்பூ நான்தான் என்று அவனுக்குத் தெரியாது, ஆகையால் தாடிக்காரனாகவே போனேன். போனால், அவனைச் சுற்றி ஒரு கூட்டம். நாற்பது பேர், எல்லாம் பிரெஞ்சு பேசுகிறவர்கள், அவன்தான் தலைவன். வருகிற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் குசலம் விசாரிக்கிறான், கிண்டல் செய்கிறான். வீட்டில் 'ம்' சொன்னவன். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது.

உனக்கு என்ன தெரியும் என்று கேட்டார்கள். மீன் சுடுவேன் என்றேன். சண்டையில் அடிபட்டவர்கள் மீன் தின்றால் தெம்பு வந்துவிடும், அதனால் சமையல்காரனாகச் சேர்த்துக்கொண்டார்கள். என்னுடைய பிரெஞ்சு அப்பா திட்டக் கேட்டு வளர்ந்த பிரெஞ்சு. கட்டளைகளும் வசவுகளும் நன்றாகப் புரியும். அந்த விளையாட்டுக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை.

சனிக்கிழமை பெரிய பூதம். குகைக்கு வெளியே நின்று மீன் கொடுத்துக்கொண்டிருந்த என்னை, ஆள் குறைகிறது என்று உள்ளே இழுத்துவிட்டார்கள். கெண்டை, வாளை என்று கையில் இருந்ததையெல்லாம் கேட்டவர்களுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டேன். பூதம் அண்ணன் பக்கம் திரும்பியது. அவன் உயிர்க்கோடு குறைந்துகொண்டே வந்தது. கொடு, கொடு என்று தலைக்கு மேல் எழுத்துகள் குதித்தன. பையைத் திறந்தேன். இறால் மட்டும் இருந்தது. இருபத்தெட்டு இறால்.

கொடுக்க முடியவில்லை. அது படம் என்று எனக்குத் தெரியும். பட்டனை அழுத்த விரல் போகவில்லை. வேங்கை விழுந்தான். பல மாதமாகச் சேர்த்த கவசமும் வாளும் போயின.

நாற்பது பேரும் ஒரே குரலில் என்னை வெளியேற்றச் சொன்னார்கள். வசவுகள் எல்லாம் தெளிவாகப் புரிந்தன. அண்ணன் மட்டும் ஏன் கொடுக்கவில்லை என்று பொறுமையாகக் கேட்டான். எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை. இறால் உனக்கு ஒத்துக்காது, உடம்பெல்லாம் தடித்துவிடும் என்று தெரிந்த பிரெஞ்சில் எழுதினேன்.

அவனிடமிருந்து, எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி, ஆங்கில எழுத்தில் தமிழ் வந்தது.

"அம்மா சொன்னாங்களா?"

"ஆமா."

"நீயா?"

"நான்தான்."

"தாடி வச்சிருக்க."

"வச்சிருக்கேன்."

பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்து அழுதேன். கடை அக்கா எட்டிப் பார்த்து, "மீன் போயிடுச்சா?" என்றார். ஆமாக்கா என்றேன்.

பட்டாளத்தை ஏன் விட்டாய் என்று கேட்டதற்கு எழுதினான். "யாரும் ஒண்ணும் பண்ணல. சாப்பாட்டு மேசையில என் எதிர்ல யாரும் உக்காரல. அவ்ளோதான். எத்தன நாளைக்கு சொவத்தப் பாத்து சாப்புடறது?" புது ஃபோன் நம்பரைக் கொடுத்துவிட்டு, அப்பாகிட்ட சொல்லாத என்றான்.

செருப்பைக் கழற்றும் முன்பே, சுவரைப் பார்த்துச் சாப்பிட்டது உட்பட எல்லாவற்றையும் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் ரேடியோவைக் குறைக்கவில்லை, நிறுத்தினார். நம்பரை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நாளைக்கு நானும் அந்தக் கடைக்கு வரேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, பென்ஷன் வாங்கப் போகும்போது போடுகிற இஸ்திரிச் சட்டையோடு வந்து, தடுப்புக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். திரையில் நெருப்பைச் சுற்றி அண்ணனின் ஆட்கள் நின்றிருந்தார்கள். தலைவருக்கு இறால் ஆகாதாம் என்று எல்லாரும் அவனை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவனும் திருப்பி ஓட்டினான். அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"இவங்கள்லாம் அவன்கூட இருக்கறவங்களா?"

"ஆமாம்ப்பா. நாப்பது பேரு."

விரலால் திரையில் எண்ணிப் பார்த்தார். இருபத்து மூன்றுதான் வந்தது.

"மிச்சம் பேரு?"

"வேலைக்குப் போயிருப்பாங்கப்பா."

"ம்" என்றார். அண்ணனுக்கு அந்த 'ம்' எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் கவனித்தேன்.

சாயங்காலம் அவராகவே ஃபோன் செய்தார். பிரெஞ்சு வரவில்லை. தமிழில், "சாப்ட்டியா?" என்றார். பிறகு, "யார்கூட?" என்றார். அம்மா ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டாள்.

நான் கூட்டத்திலிருந்து விலகி ஆற்றங்கரைக்கே திரும்பிவிட்டேன். வீடு நிறையப் பேச்சு இருந்ததால் நான் தனியாக விளையாடினேன், பேச ஆளில்லாததால் அவன் நாற்பது பேரைச் சேர்த்தான். அதில் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. ஆனால் சில நாட்களில் அந்த நாற்பது பேரையும் விட்டுவிட்டுத் தூண்டிலோடு வந்து என் பக்கத்தில் நிற்பான். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். இருவர் தலைக்கு மேலும் ஓர் எழுத்து வராது. நேரம் முடிந்தது என்று கடை அக்கா குரல் கொடுத்தால் கிளம்பிவிடுவேன்.

அந்த விளையாட்டை மூடிவிட்டார்கள். பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் இப்போது ஏ.டி.எம். அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள். அண்ணன் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு இருக்கிறான். ஞாயிறு தவறாமல் வீடியோ காலில் வருகிறான், முகம் தெளிவாகத் தெரிகிறது.

"சொல்லு" என்கிறான்.

"நீ சொல்லு" என்கிறேன்.

"ஒண்ணுமில்ல."

"இங்கயும் ஒண்ணுமில்ல."

முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் ஒன்றுமில்லாமல் இருப்பது? இரண்டு நிமிடத்தில் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். இதே ஒண்ணுமில்லையை வைத்துக்கொண்டு ஒரு மதியம் முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்கிறோம்.