கடைசி எலி

எனக்குப் பதினோரு வயதாக இருந்தபோது பெரியம்மா மகன் கல்ஃபிலிருந்து லீவுக்கு வந்தான். லீவுக்கு என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். பெரியம்மாவும் பெரியப்பாவும் அங்கே பிரிந்துவிட முடிவெடுத்திருந்தார்கள். பையன் யாரோடு இருப்பது என்பது மட்டும் முடிவாகவில்லை. அது முடிவாகும்வரை இரணியலில் எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று அனுப்பியிருந்தார்கள். வீட்டில் என்னைத் தவிர எல்லாருக்கும் இது தெரியும். அவனுக்கும் தெரியும். என்னைவிட இரண்டு வயது மூத்தவன், எனக்கு அண்ணன் முறை, அவனிடம் மறைக்க முடிந்திருக்காது.

அவன் பெட்டியில் பாதி துணி, மீதி ஒரு விளையாட்டு. ஓரம் நைந்த ஓர் ஆங்கிலப் புத்தகமும் ஒரு சுருக்குப்பை நிறையப் பகடைகளும். நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று கோணல்மாணலான பகடைகள். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் நடுவர். அவர் “நீ ஒரு பாழடைந்த கோட்டையில் நிற்கிறாய், படிக்கட்டுக்குக் கீழே ஏதோ அசைகிறது” என்று சொல்ல வேண்டும். ஆடுகிறவர் வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேடம் எடுத்துக்கொண்டு, தான் என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லிப் பகடை உருட்ட வேண்டும். அங்கே கூட்டாளிகளுக்கு எப்போதும் நடுவராக இருந்து அவனுக்கு அலுத்துவிட்டதாம். அந்த வேலையை என்னிடம் தந்தான். எனக்கும் அது பொருந்தியது. பாண்டி விளையாட்டில் கோட்டில் கால் வைத்தவளை அவள் வீட்டு அடுக்களைவரை துரத்திப்போய் ‘அவுட்’ என்று ஒப்புக்கொள்ள வைத்தவள் நான்.

தடை அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை. புத்தகத்தின் அட்டையில் கொம்பு வைத்த ஒன்று வாயைப் பிளந்துகொண்டிருந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

“உள்ள என்னெல்லாம் ஆளு உண்டு? வாசி, கேக்கட்டு.”

அண்ணன் வாசித்தான். மந்திரவாதி என்றதும், “சூனியமா? எனக்க வீட்டுல நடக்காது” என்றாள். பூசாரி எந்தச் சாமிக்குப் பூசாரி என்று கேட்டாள். அவனுக்குப் பதில் தெரியாததால் பூசாரியும் போனார். திருடனுக்கு, “பத்துக் கற்பனைல களவு செய்யாதிருப்பாயாகன்னு உண்டும்லா?” என்பதோடு தீர்ந்தது. வீரன் மட்டும் மிஞ்சினான். “வெட்டும் குத்தும் டிவில பாக்கது போராதா?” என்று அவனையும் அனுப்பிவிட்டாள். “இதுல நல்ல ஜோலி பாக்கப்பட்ட ஒருத்தனும் இல்லியா?”

பேசிக்கொண்டே அவள் எலிக்கூட்டுக்குள் சுட்ட தேங்காய்த் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தாள். தேங்காய் போட்டு வைக்கும் பின்பக்கச் சாய்ப்பில் அந்த வருடம் எலித் தொல்லை அதிகம். அண்ணன் கூட்டையே கொஞ்சநேரம் பார்த்தான்.

“எலிபிடிக்காரன்னா ஓக்கேயா சித்தி?”

அம்மா யோசித்தாள். எலிபிடிக்காரனுக்கு எதிராக வேதத்தில் ஒரு வசனமும் அவள் நினைவுக்கு வரவில்லை. அப்படித்தான் எங்கள் வேலை தொடங்கியது.

புத்தகத்தில் இல்லாத ஆளை நாமே உண்டாக்கலாம், ஆனால் ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்றைப் பிடுங்க வேண்டும், இல்லாவிட்டால் விளையாட்டு கெட்டுவிடும் என்று அண்ணன் விளக்கினான். பழைய காலண்டரின் பின்பக்கத்தில் எழுதினோம். எலிபிடிக்காரனிடம் ஒரு கம்பு, ஒரு சாக்கு, ஒரு கீரிப்பிள்ளை. சுவருக்கு அந்தப்பக்கம் எலி ஓடுகிற சத்தம் அவனுக்கு மட்டும் கேட்கும், அதுவும் பகடையில் ஒன்றோ இரண்டோ விழுந்தால். எலி கடித்தால் அவனுக்குக் காய்ச்சல் வராது. பதிலுக்கு வாளைத் தொடக் கூடாது. உடம்பில் நாற்றம் இருப்பதால் அரண்மனைக்குள் பின்வாசல் வழியாகத்தான் போக வேண்டும். மற்றவர்கள் புதையல் எடுத்தால் படி உயர்வார்கள், இவன் எலிவாலைக் காட்டினால் உயர்வான். ஒவ்வொரு படிக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ஒன்பதாம் படிக்கு ‘எலிகளின் எமன்’ என்று நான் வைத்ததை அம்மா ஏற்கவில்லை. எமன் நமக்கு ஆகாது என்று ‘எலி இன்ஸ்பெக்டர்’ ஆக்கினாள்.

சண்டை வந்தது கடைசி விதியில்தான். எந்த வீட்டில் எலிபிடிக்காரன் எலி பிடிக்கிறானோ அந்த வீட்டில் அவனுக்குப் படுக்க இடமும் மூன்று வேளைச் சாப்பாடும் உண்டு, யாரும் அவனைப் போகச் சொல்லக் கூடாது என்று அண்ணன் எழுதினான்.

“முதல் படியிலேயே வீடா?” என்றேன். வீரனுக்கே ஒன்பதாம் படியில்தான் கோட்டை கிடைக்கிறது. அது என்ன நியாயம்?

“இவனுக்கு இது வேணும்” என்றான். நான் விடவில்லை. பென்சிலை வாங்கி அந்த விதிக்குக் கீழே எழுதினேன்: எலி தீர்ந்துவிட்டால் அவன் வீட்டைவிட்டுப் போக வேண்டும். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, சரி, நீதானே நடுவர் என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த நாட்களில் அம்மா சாயங்காலமானால் பெரியம்மாவோடு போனில் இருப்பாள். நாங்கள் உள்ளே போனால் பேச்சு மாறும். ஒருநாள் அடுக்களையில் அப்பா, “எத்தன நாளைக்கு? நாம இதுல என்ன செய்ய முடியும்?” என்று கேட்டது கூடத்தில் எங்கள் இருவர் காதிலும் விழுந்தது. விமான டிக்கெட் பற்றி ஏதோ பேசுகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

விளையாட்டு நடந்தது. ஒரு மாவு மில்காரர் வீட்டின் நிலவறையில் நாயளவு எலிகளை விட்டிருந்தேன். அண்ணன் நன்றாக ஆடினான். கீரியை முன்னால் விட்டு, சாக்கை விரித்து, ஒவ்வொன்றாகத் தீர்த்தான். ஒரே ஒரு எலி மூலையில் ஒடுங்கி நின்றது. கம்பை ஓங்கினால் போதும்.

“விட்டுட்டேன்” என்றான்.

“எதுக்கு?”

“சும்மா.”

மறுநாள் எலிகள் பெருகியதாகச் சொன்னேன். அன்றும் கடைசி எலியை விட்டான். அடுத்த நாளும் அப்படியே. மில்காரர் வீட்டில் அவனுக்கு மூன்று வேளையும் சோறு விழுந்துகொண்டிருந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வேண்டுமென்றே எலியை விட்டால் ஒரு படி இறக்கம் என்று புது விதி போடப்போவதாகக் கத்தினேன்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, குளச்சலிலிருந்து வரும் மீன்காரியிடம் வாங்கிய பாறை மீனை நறுக்கிக்கொண்டிருந்தாள். அரிவாள்மணை நின்றது.

“அந்த எலிய ஏன் மக்கா விட்ட?”

அவனை முந்திக்கொண்டு நான் சொன்னேன். “எலி தீந்தா அவன் வீட்ட விட்டுப் போணும்மா. அதான் சட்டம். போகாம இருக்கதுக்குக் கள்ளத்தனம் பண்ணுதான்.”

“ஆரு போட்ட சட்டம்?”

“நான்தான்.”

அம்மா எழுந்துபோய்க் கையைக் கழுவிவிட்டு வந்து காலண்டர் தாளைக் கையில் எடுத்தாள். மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

“இத வெட்டு.”

“அம்மா!”

“எலி இருந்தாலும் இல்லாட்டாலும் அவன் போவாண்டாம். எத்தன நாளானாலும் இஞ்ச இருக்கலாம். எழுதுட்டி.”

“அப்போ அவனுக்கு ஒரு கொறையும் இல்லாம ஆயிரும்மா. வெளாட்டே கெட்டுரும்!”

“கெடட்டு.”

எழுதினேன். கோபத்தில் பென்சில் முனை உடைந்தது. அண்ணன் பகடையை எடுத்தான். கையில் வைத்துக் குலுக்கிக்கொண்டே இருந்தான். பிறகு உருட்டினான். கடைசி எலி செத்தது.

அவன் பகடைகளைப் பையில் போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போனான். வெகுநேரம் வரவில்லை. கூப்பிடப் போன என்னை அம்மா தடுத்துவிட்டாள்.

மதியம் அப்பா சாப்பிட வந்ததும் அம்மா அவரிடம் அடுக்களையில் ஏதோ சொன்னாள். அப்பா கூடத்துக்கு வந்து அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் சாப்பிட உட்கார்ந்தார். நான் காத்திருந்து என் வழக்கை வைத்தேன். அம்மாவுக்கு விளையாட்டு விதிகளைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை, எலியே இல்லாத வீட்டில் எலிபிடிக்காரனைச் சும்மா வைத்திருக்கச் சொல்கிறாள் என்று விவரமாகச் சொன்னேன். அப்பா முழுதும் கேட்டார். பிறகு தன் தட்டிலிருந்த மீனின் நடுத்துண்டை எடுத்து அண்ணனின் தட்டில் வைத்தார். எனக்கு வைக்கவில்லை. அந்த வீட்டில் நியாயம் கேட்க ஆளே இல்லை என்று எனக்கு அழுகை வந்தது.