பச்சை மையில் ஒரு பிற்பகல்

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பதவி உயர்வு பெற்று, பச்சை மையில் கையெழுத்துப் போடும் அதிகாரியாகிறவருக்கு நாங்கள் சால்வை போர்த்துவதில்லை. ஒரு பச்சை மைப் பேனாவும், பெயரும் பதவியும் ஊரும் பொறித்த ரப்பர் ஸ்டாம்பும் கொடுப்போம். சால்வை பீரோவுக்குள் போய்விடும், ஸ்டாம்பு மேசைமேல் இருக்கும் என்று எப்போதோ ஒரு பொருளாளர் ஆரம்பித்து வைத்தது. 2004இல் நான் கடலூர் வரி அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்தேன். வந்த சூட்டோடு சங்கத்தின் கிளைச் செயலாளர் பொறுப்பையும் என் தலையில் கட்டினார்கள். வருஷத்துக்கு நாலைந்து ஸ்டாம்பாவது செய்ய வேண்டியிருக்கும் என்று அப்போது நினைத்தேன். என்ன ஒரு நினைப்பு! மஞ்சக்குப்பத்து ஸ்டாம்புக் கடைக்காரருக்கு என் முகமே மறந்து போனது.

வெளியில் இருப்பவர்களுக்கு இது விளங்காது. வரி அதிகாரி என்றால் கடைக்காரர் எழுந்து நிற்கிறார், காபி வரவழைக்கிறார், அவனுக்கு என்ன குறை என்பார்கள். குறை நாற்காலியில் இருந்தது. கறுத்த தலையோடு உட்கார்ந்த நாற்காலியிலேயே தலை நரைத்து ஓய்வு பெற்றுப் போனவர்கள் எங்களில் ஏராளம். தேர்வு எழுதி நேரடியாக வந்தவர்கள் ஒரு பக்கம், அடிமட்டத்திலிருந்து ஏறி வந்தவர்கள் ஒரு பக்கம். யார் மூத்தவர் என்று வழக்கு. வழக்கு முடிகிற வரை பதவி உயர்வுப் பட்டியல் வராது. இதில் கொடுமை என்னவென்றால், வழக்குப் போட்டவரும் எங்கள் உறுப்பினர், அதனால் நொந்தவரும் எங்கள் உறுப்பினர். மதிய இடைவேளையில் வாசலில் கூடி, கறுப்புப் பட்டை குத்திக்கொண்டு, இருவரும் ஒரே குரலில் கோஷம் போடுவார்கள். எனக்குச் சிரிப்பு வராது. எரிச்சல்தான் வரும்.

அந்த வாசலில் ஒரு நாளும் தவறாமல் நின்றவர் ஒருவர். காட்டுமன்னார்கோயில்காரர். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் சிதம்பரம், பிறகு இன்னொரு பஸ்ஸில் கடலூர் என்று தினமும் வந்து போனார். வயல் வேலை செய்த குடும்பத்தில் அரசாங்க உத்தியோகத்துக்கு வந்த முதல் ஆள். இளநிலை உதவியாளராகச் சேர்ந்து படிப்படியாக ஏறியவர். பச்சை மைக்கு இன்னும் ஒரே ஒரு படி. என்னைவிட ரொம்ப மூத்தவர் என்றாலும் கேலியாக என்னைச் ‘செயலாளரே’ என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு நாள் டீக்கடையில், இந்தப் பதவி உயர்வு எதற்கு உங்களுக்கு இவ்வளவு முக்கியம் என்று கேட்டேன். சம்பளத்தில் பெரிய வித்தியாசம் வந்துவிடாது, ஓய்வுக்கும் அதிகக் காலம் இல்லை.

“வருஷா வருஷம் ஜூன் மாசம் புள்ளைங்க மார்க் ஷீட் ஜெராக்ஸுக்குக் கையெழுத்து வாங்க எங்க ஊர் மாட்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன் செயலாளரே. அங்கதான் எங்களுக்குப் பழக்கமான பச்சை மை இருக்கு. டாக்டர் நல்ல மனுசன். மாட்டுக்கு ஊசி போட்டுட்டு, கையக் கழுவிட்டு வந்து, ‘ஒரிஜினல் எங்க?’ன்னு கேப்பாரு. கேக்கணும், அதான் மொறை. ஆனா நானும் ஆபீசர்தானே? என் புள்ள படிப்புக்கு இன்னொருத்தர் வாசல்ல நிக்கறேன் பாருங்க. பெரியவனுக்கும் நடுவுலவளுக்கும் அப்படியே போயிடுச்சி. கடைசிப் பொண்ணு காலேஜ் சேர்றப்பவாவது நான் போடணும் கையெழுத்து.”

அவ்வளவுதான் அவருடைய ஆசை. மாநில மாநாடுகளில் நாங்கள் நிறைவேற்றிய நீண்ட தீர்மானங்கள் எல்லாம் அதற்குப் பிறகு எனக்கு இந்த ஒரு வாக்கியமாகத்தான் தோன்றின.

2006இல் சென்னையிலிருந்து தலைமைச் சங்கத்தார் போன் செய்தார்கள். பட்டியல் கையெழுத்தாகிவிட்டது, உங்கள் ஆளுக்குக் கடலூரிலேயே இடம் என்றார்கள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. உத்தரவு கைக்கு வரட்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்று மாலையே ஓடிப்போய் அவர் பெயருக்கு, புதிய பதவியும் ‘கடலூர்’ என்ற ஊருமாக ஸ்டாம்பு செய்து வாங்கிவிட்டோம். மறுநாள் நீதிமன்றத்தில் தடை வந்தது. பேனாவும் ஸ்டாம்பும் என் மேசை இழுப்பறைக்குள் போயின. அவருக்குத் தெரியும். ஒரு தடவை என் அறைக்கு வந்தவர், “எடுங்க, பாத்துட்டுத் தரேன்” என்றார். உள்ளங்கையில் ஒற்றிப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்த கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு சென்னைக்கு நான் அலைந்த அலைச்சலை எழுதினால் படிக்கிறவர்கள் களைத்துப் போவார்கள். எந்த அறையிலும் ஒரே பதில்: பார்க்கலாம்.

2008 ஜூன் கடைசி நாள். அவர் ஓய்வு பெறும் நாள். மாலையில் வழியனுப்பு விழாவுக்குச் சம்பங்கி மாலை வாங்கியாகிவிட்டது, மிக்சரும் மைசூர்பாகும் வந்தாகிவிட்டது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பேக்ஸ் மிஷின் கத்தியது. தடை விலகிப் பட்டியல் வெளியாகியிருந்தது. அவர் பெயர் இருந்தது. ஆனால் போட்டிருந்த ஊர் சிதம்பரம். அன்றைக்கே அங்கே போய்ப் பொறுப்பேற்றால் உண்டு, இல்லாவிட்டால் அந்தப் பதவி அவருக்குக் கடைசி வரை இல்லை.

அதிகாரியைச் சாப்பிடவிடாமல் பிடித்து, அவரைப் பணியிலிருந்து விடுவிக்கும் உத்தரவில் கையெழுத்து வாங்கினோம். இழுப்பறையிலிருந்த பேனாவையும் ஸ்டாம்பையும் எடுத்துக்கொண்டு, வாடகைக் காரில் அவரையும் மாலையையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். புதுச்சத்திரம் தாண்டினோம். அவர் என் போனை வாங்கி வீட்டுக்குப் பேசினார்.

“பாப்பாவ சிதம்பரம் ஆபீசுக்கு வரச் சொல்லு. ஒரிஜினலையும் எடுத்துனு வரச் சொல்லு.”

சிதம்பரம் அலுவலகத்தில் அவர் பொறுப்பேற்றபோது வெயில் சாய்ந்துவிட்டது. பச்சை மையில் அவர் போட்ட முதல் கையெழுத்து, பொறுப்பேற்றுக்கொண்டதற்கு. இரண்டாவது, ஓய்வு பெறுவதால் பொறுப்பை ஒப்படைப்பதற்கு. இரண்டு தாளிலும் ஒரே தேதி. பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அதற்குள் மகள் வந்து சேர்ந்தாள். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருப்பாள் போலிருக்கிறது, முகமெல்லாம் வேர்வை. நகல்களை மேசைமேல் வைத்தாள். அவர் நிமிர்ந்து, மகள் என்றும் பாராமல் கேட்டார்.

“ஒரிஜினல் எங்க?”

கொடுத்தாள். ஒவ்வொரு மதிப்பெண்ணாக ஒப்பிட்டுப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். நான் ஸ்டாம்பை நீட்டினேன். அது கடலூர் என்றது. புதிதாகச் செய்ய அந்த மாலையில் நேரமில்லை, மறுநாள் அவர் அதிகாரியும் இல்லை. அவர் தயங்கவில்லை. ஸ்டாம்பை ஒற்றினார், ‘கடலூர்’ என்பதை ஒரே கோட்டில் அடித்தார், மேலே ‘சிதம்பரம்’ என்று எழுதினார், திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார். கோப்பில் எந்தத் திருத்தத்துக்கும் நாங்கள் செய்வது அதுதான். நான் மாலையைப் போட்டேன். அவர் சிரித்த மாதிரி யாரும் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அடுத்த மாதம் தலைமைச் சங்கத்தின் சுற்றறிக்கையில் ‘நமது தொடர் போராட்டத்துக்குக் கிடைத்த வெற்றி’ என்று வந்தது. அந்த வாரமே அவர் மகள் எனக்குப் போன் செய்தாள்.

“மாமா, காலேஜ்ல அத எடுத்துக்கல. சீல்ல அடிச்சித் திருத்தியிருக்கு, செல்லாதுன்னுட்டாங்க. மாட்டு டாக்டர்கிட்டயே போயி வேற வாங்கிக் குடுத்துட்டேன். சேந்துட்டேன். அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மாமா.”

சொல்லவில்லை.

2012இல் மாவட்ட மாநாட்டைச் சிதம்பரத்தில் வைத்தோம். அவர் வெள்ளை வேட்டியில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேடையிலிருந்து இறங்கிப் போய்க் கையைப் பிடித்தேன். பக்கத்தில் இருந்த இளைய ஊழியர்களிடம் என்னைக் காட்டிச் சொன்னார்.

“இவுருதான் எனக்கு வாங்கிக் குடுத்தாரு. ஒரு சாயங்காலந்தான் பச்சை மை ஆபீசர். ஆனா என் பொண்ணு என் கையெழுத்துல காலேஜ் சேந்தா. இப்ப படிச்சி முடிச்சிட்டா. கேளுங்க, செயலாளர் சாட்சி.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஆமா சார்” என்றேன்.

பட்டியலைக் காலத்தில் வெளியிட வேண்டும் என்ற தீர்மானத்தை அடுத்ததாக நான்தான் வாசிக்க வேண்டும். மைக் முன்னால் போய் நின்றேன், தாளைப் பொருளாளர் பக்கம் நீட்டினேன். அவர் வாங்கி வாசித்து முடித்தார். முதலில் கை தட்டியது முன்வரிசையில் வெள்ளை வேட்டியில் இருந்தவர்தான்.