தண்ணீர்த் தாங்கியடியில் அனுப்பிய படம்

அம்மா குவைத்துக்கு வேலைக்குப் போவதற்கு முன்பு, கொழும்பில் கடைச் சிப்பந்தியாக இருந்த மாமா பழைய போன் இரண்டு கொண்டுவந்தார். ஒன்று அம்மாவுக்கு, ஒன்று அப்பாவுக்கு. அம்மாவின் போனுக்கு ‘அம்மா’ என்றே ஆங்கில எழுத்தில் பேர் வைத்து, இரண்டையும் பக்கத்தில் பிடித்துப் புளூடூத்தில் ஒரு படம் அனுப்பிக் காட்டினார்.

“பேரு விழுந்தா போதும் மருமவனே, காத்துலயே போயிரும்.”

அம்மா போன பிறகும் அப்பாவின் போனில் அந்தப் பேர் இருந்தது. ஆனால் அவளிடமிருந்து கடிதம்தான் வந்தது. ஏனென்று நான் கேட்கவில்லை.

நமுனுகுலப் பக்கம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது. பேசுவதற்கு எல்லோரும் மலைமேல் தண்ணீர்த் தாங்கியடிக்குத்தான் ஏறுவார்கள். ஆகவே புளூடூத்தும் அங்கிருந்துதான் போகும் என்று நான் முடிவுகட்டியதில் பெரிய குற்றமில்லை.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் பாஸானேன். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் பரீட்சை என்று ஒன்றை எழுதியதே இல்லை. மாலையோடு நிறுத்தி அப்பா படம் எடுத்தார். அதை அம்மா பார்த்தே ஆக வேண்டும். அப்பாவின் போனோடு மூன்று நாள் மலையேறினேன். மூன்று நாளும் படம் போகவில்லை.

“என்னா தொர, குவைத்து தெரியுதா?” என்று கொழுந்து கிள்ளிய பெண்கள் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். “அம்மாவுக்கு எம்மேல கோவமாப்பா?”

மறுநாள் வேலை விட்டு வந்ததும் அப்பா, “வாடா, நானும் வாரேன்” என்றார். பழைய கோட்டுப் பைக்குள் ஒரு கையை விட்டபடியே ஏறினார்.

“எங்கிட்டயே நின்னு அனுப்பு. பேரு வந்திச்சா?”

“வந்திச்சுப்பா!”

படம் போய்விட்டது. நான் போட்ட கூச்சல் லயம்வரை கேட்டிருக்கும்.

“அம்மா பாக்குமாப்பா?”

“பாக்கும்டா.”

கையை அவர் வெளியே எடுக்கவேயில்லை. குளிராக்கும் என்று நினைத்தேன்.

போன் கொண்டுபோகக் கூடாது என்று ஏஜென்சிக்காரர் சொல்லிவிட்டதால், அம்மா அதை விமான நிலையத்திலேயே அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனது எனக்குத் தெரியாது. படம் போன தூரம் என் கையிலிருந்து அவருடைய கோட்டுப் பைவரைதான்.

நான்கு வருடம் கழித்து வந்து அம்மா அந்தப் போனில் படத்தைப் பார்த்தாள். மாலை போட்ட பையனை வெகுநேரம் பார்த்துவிட்டு, அவளைவிட உயரமாகப் பக்கத்தில் நின்ற என்னை நிமிர்ந்து பார்த்தாள். படம்தான் கிடைத்துவிட்டதே, பிறகு ஏன் அழுகிறாள் என்று அப்போதும் எனக்குப் புரியவில்லை.