நீச்சல் குளத்தில் ஒரு பிடி மண்

போட்டி நடந்த அன்று அந்த நீச்சல் குளத்தில் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஆளுக்கொரு கதை கட்டுவார்கள். எங்கள் அடுக்குமாடிப் பெண்கள் என்னோடு சேர்த்து ஆறு பேர், குதிக்கத் தயாராகக் கரையில் நின்றோம். விசில் ஊதுவதற்கு மிஸ்டர் டான் என்ற சீனப் பெரியவர். ஆபத்தென்றால் குதித்துக் காப்பாற்றுவதற்கு உயரமான நாற்காலியில் ஹாஷிம். என் துண்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காள், காக் ரொக்கியா. படிக்கட்டு வரிசையில் என் வீட்டுக்காரர். அவ்வளவுதான். இத்தனை பேர் இருந்தும், தண்ணீருக்குள் இறங்குமுன் ஒரு கல்லைப் போட்டுப் பார்க்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஊரில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அமராவதிபுதூர்ப் பக்கம் எந்தத் தோட்டக் கிணற்றில் குதித்தாலும் முதலில் ஒரு கல் போடுவோம். தண்ணிப்பாம்பு விலகிப் போகும், உள்ளே முங்கியிருக்கும் ஆளும் ஒதுங்கிக்கொள்வான். சிங்கப்பூரில் இந்தக் குளத்துக்கு நான் முதன்முதல் வந்த அன்றும் அதே நல்ல எண்ணத்தில்தான் ஒரு கூழாங்கல்லைப் போட்டேன். ஹாஷிம் விசில் ஊதிக்கொண்டே ஓடிவந்து, எதற்கு என்று கேட்டார். எனக்கு அப்போது மலாயும் வராது, இங்கிலீசும் வராது. கையை நெளித்துப் பாம்பு காட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. குளத்தில் இருந்த அத்தனை பேரையும் கரையேற்றி, ஒரு நீளக் கம்பை வைத்துக்கொண்டு வெகுநேரம் தேடினார். பளிங்குபோல் அடி தெரிகிற தண்ணீரில் பாம்பு எங்கே ஒளியும் என்று நானும் அவரோடு சேர்ந்து தேடினேன்.

நான் பயந்த சுபாவம். அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா, பூட்டியது நம் வீட்டுக் கதவைத்தானா என்று மின்தூக்கியில் பாதி தூரம் இறங்கிவிட்டுத் திரும்ப ஏறுகிறவள். பேருந்தில் பாலத்தைக் கடந்தால், இது கவிழ்ந்தால் எந்தக் கரை அருகில், சேலையை முதலில் அவிழ்ப்பதா பையை விடுவதா என்று கணக்குப் போடுவேன். ஆனால் கழுத்துவரை தண்ணீர் வந்துவிட்டால் ஒரு கவலை கிடையாது. அடுப்பு எரிந்தால் எரியட்டும்.

எங்கள் தோட்டக் கிணற்றில் பிள்ளைகளுக்குள் நீச்சல் போட்டி நடக்கும். கல் போட்டு, குதித்து, எதிர்ச் சுவர்வரை நீந்தி, அங்கே முங்கி, அடியிலிருந்து ஒரு பிடி மண்ணோடு மேலே வரவேண்டும். மேலே நின்று பெரியப்பா தீர்ப்புச் சொல்வார். முதலில் வந்தாலும் வெறுங்கையோடு வந்தால் செல்லாது. சுவரைத் தொட்டதும் எல்லாரும் "மண்ணை எடு! மண்ணை எடு!" என்று கத்துவார்கள். ஒருதரம் பெரியப்பா மகள் சிட்டு எனக்கு முன்னால் கையைத் தூக்கிவிட்டாள்.

"எங்க, கைய விரி" என்றார் பெரியப்பா. "இது செம்மண்ணுல்ல? அடியில கறுப்புக் கரம்பையில்ல கெடக்கு. இத எங்குட்டு எடுத்த?"

"போற வழியில எடுத்தேன்" என்றாள் அவள், படிக்கட்டு இடுக்கைச் சுரண்டியதை ஒப்புக்கொள்ளாமல்.

"அப்ப வழியிலேயே நின்னுக்க. செயிச்சது பஞ்சவர்ணந்தான்."

பஞ்சவர்ணம் நான்தான். அந்தச் சிரிப்பொலி கிணற்றுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது இன்னும் காதில் இருக்கிறது. வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தையும் நிறுத்தினார்கள், கிணற்றையும் நிறுத்தினார்கள். பள்ளிக்கூடம் நின்றதற்கு நான் அழவில்லை.

திருப்பத்தூர்ப் பக்கத்து மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவருக்கு இங்கே மளிகைக்கடையில் வேலை. கடல் தாண்டி வந்த பிறகுதான் எனக்கு மறுபடி தண்ணீர் கிடைத்தது. காக் ரொக்கியா முழங்கால்வரை நீளும் நீச்சலுடுப்பு தைத்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் போனேன். வந்த வினை என்னவென்றால், குளத்தில் போடும் மருந்துக்கு என் கண் இரண்டும் மிளகாய்ப்பழமாகிவிடும். அந்தக் கோலத்தில் மின்தூக்கியில் ஏறினால், எங்கள் மாடிக்காரர்கள் என்னைப் பாவமாகப் பார்ப்பார்கள், பிறகு என் வீட்டுக்காரரை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். கடைக்கு வந்த ஒரு சீனக் கிழவி, பெண்டாட்டியை அடிக்கிறவனிடம் வெங்காயம் வாங்கமாட்டேன் என்று கையை ஆட்டிக்காட்டிவிட்டுப் போய்விட்டாள்.

"இந்த நீச்சலை விட்டுரு பஞ்சு. என் மானம் போகுது" என்றார்.

"ஏங்க, தண்ணிக்குள்ள போடுற கண்ணாடி ஒன்னு வாங்கித் தந்தீகன்னா கண்ணு செவக்காதுல்ல?"

"பத்து வெள்ளியாம்ல அது! பொண்டாட்டி கண்ணுக்கு இம்புட்டா?" வெள்ளி என்றால் இந்த ஊர் டாலர். பிறகு கொஞ்சம் யோசித்தார். "சரி, ஒங்க போட்டி வருதுல்ல, அதுல மூணு பேருக்குள்ள வந்துரு. பத்து வெள்ளி தாரேன், ஞாயித்துக்கெழமை பூராம் போ. வரலைன்னா இத்தோட நிறுத்திப்புடணும். சம்மதமா?"

சம்மதம் என்றேன். அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. ஒருதரம் தண்ணீரை விட்டவளுக்குத்தான் இரண்டாந்தரம் விடுவது எப்படியிருக்கும் என்று தெரியும்.

போட்டி நாள் வந்தது. மிஸ்டர் டான் விசில் ஊதினார். இந்தச் சுவரிலிருந்து போய் அந்தச் சுவரைத் தொடவேண்டும், அதுதான் போட்டி. மற்ற ஐவரும் தண்ணீருக்குள் முகம் புதைத்து நீந்துவார்கள். நான் பாம்புக்குப் பயந்து தலையைத் தூக்கியே பழகியவள். கரையில் பேசுவது முழுக்க எனக்குக் கேட்கும். என் முன்னால் இரண்டே தலைகள். இருவரும் தொட்டுவிட்டார்கள். எனக்கு இன்னும் ஒரு கை நீளந்தான். மூன்றாவது நான்தான். அந்த நேரத்தில் படிக்கட்டிலிருந்து ஒரு குரல், தொண்டை கிழிய:

"மண்ணை எடு புள்ள! மண்ணை எடு!"

முங்கிவிட்டேன். எதிரே சுவர், காதில் அந்தச் சத்தம். எனக்கு வேறென்ன தெரியும்? அடிக்குப் போய்த் தடவினேன். வழுவழுவென்று நீல ஓடு. இந்தப் பக்கம் ஓடு, அந்தப் பக்கம் ஓடு. மண் இல்லாமல் மேலே போனால் பெரியப்பா ஒத்துக்கொள்ளமாட்டாரே என்று இன்னும் தள்ளிப் போய்த் தேடினேன். கையில் ஏதோ தட்டுப்பட்டது, பிடித்துக்கொண்டேன். அதற்குள் ஹாஷிம் சட்டையோடு குதித்து என் தோளைப் பற்றினார். ஐயோ, இவர் தவறி விழுந்துவிட்டார் போலிருக்கிறது என்று நான் அவர் சட்டையைப் பற்றினேன். ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு மேலே வந்தோம்.

பழக்க தோஷத்தில் மிஸ்டர் டானுக்குக் கையை விரித்துக் காட்டினேன். ஒரு கொண்டை ஊசி. நன்றி சொல்லி வாங்கி, தொலைந்த சாமான் பெட்டியில் போட்டார். ஹாஷிம் மூச்சிரைக்க, என்ன ஆச்சு என்று கேட்டார். "தானா தாக் அடா" என்றேன், எனக்கு வந்த மலாயில். மண் இல்லை என்று அர்த்தம்; தரைக்கும் அங்கே அதே சொல்தான். கரைசேர முடியாது என்று பயந்துவிட்டாள் என நினைத்திருப்பார். "அடா, காக், அடா" என்று கரையைத் தட்டித் தட்டிக் காட்டினார். இருக்கிறது அக்கா, இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அவர் ஆரம்பித்தார். "கடைசியா வந்துட்டியே பஞ்சு."

"மண்ணை எடுன்னு கத்துனது யாரு?"

"நானா? கத்துனேனா?"

"காக் ரொக்கியாவக் கேளுங்க."

"அவுகளுக்கு என்ன தமிழு தெரியும்?"

"நீங்க வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுப் படிக்கட்டுல குதிச்சதப் பாக்கத் தமிழு வேணுமாக்கும்?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார். "சுவத்துக்கிட்ட நீ போனதும் வாயி தன்னால கத்திருச்சு புள்ள. எங்கூருலயும் இதே ஆட்டந்தான். நம்ம ஊருக் கெணறுன்னே நெனச்சுட்டேன்."

"எனக்குங் கையி தன்னாலதான் போச்சு."

"சரி விடு. தோத்ததுல பாதி என்னுது. ஞாயித்துக்கெழமை போயிட்டு வா. பத்து வெள்ளியும் தாரேன்."

நீச்சல் நிற்கவில்லை. இன்றைக்கும் அந்தச் சுவரை நெருங்கும்போது, தொடுவதற்கு முன் என் கை கொஞ்சம் கீழே போய்விட்டுத்தான் வருகிறது. கண்ணாடி மட்டும் இன்னும் வரவில்லை. மின்தூக்கியில் யாராவது, ஏன் அழுதாய் என்று கேட்டால், குளத்து மருந்து என்கிறேன். பெரும்பாலான ஞாயிறுகளில் அது முழு உண்மை. மழைக்கால ஞாயிறுகளில், ஊர்க்கிணறு நிரம்பிப் படி முழுகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே நீந்திய நாட்களில், பாதி உண்மை. எது எந்தப் பாதி என்று பிரித்துச் சொல்ல என் கண்ணுக்கே தெரியாது. கண்ணாடி வந்தால் அந்தச் சாக்கும் போய்விடுமே என்று இப்போது புதுக் கவலை. அதற்காக விட்டுக்கொடுக்க முடியுமா? என் வீட்டுக்காரர் எனக்குத் தரவேண்டியது, இன்றுவரை, பத்து வெள்ளி.