மகளுக்குத் துணையாக நான் எழுதிய நீட்

மகள் நீட் எழுதும் அறையில் நானும் உட்கார வேண்டுமென்றால், நானும் நீட்டுக்கு விண்ணப்பித்தால் போதும் என்று நம்பினேன். ஒரே தேர்வு, ஒரே வீட்டு முகவரி, இருவரும் கேட்பது ஒரே ஊர். கல்யாண வீட்டில் ஒரு குடும்பத்தை ஒரே பந்தியில் உட்காரவைப்பதில்லையா, அப்படி எங்களையும் அடுத்தடுத்து உட்காரவைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

அப்போது நான் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தேன். போடியில் பைப்பும் மோட்டார் சாமானும் விற்கிற கடை, போடிமெட்டுக்கு மேலே கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம், சொல்பேச்சுக் கேட்காத ஒரு வயிறு. இவை போக, மறந்தே போயிருந்த ஒரு சொத்தும் இருந்தது. பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு எடுத்துத் தேறியிருந்தேன். டாக்டருக்குப் படிக்க அந்த நாளில் எனக்கும் ஆசை இருந்தது. டாக்டருக்கு யாரும் ஊசி போட முடியாது என்பது மட்டுமே அதற்குக் காரணம். பள்ளி ஆய்வகத்தில் ஒரு தவளையைப் பலகையில் வைத்து ஆணி அடித்த அன்று அந்த ஆசை ஜன்னல் வழியாக வெளியேறியது. பின்னாலேயே நானும் வெளியேறினேன்.

மகளின் ஆசை அப்படிப்பட்டதில்லை. முதல் தடவை எழுதி இடம் கிடைக்காதபோது அவள் அழவில்லை, கோபப்படவில்லை. மறுபடி எழுதுகிறேன் என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து வீட்டில் சத்தம் குறைந்துபோனது. சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், தட்டைப் பார்த்தபடியே சாப்பிடுவாள், போய்விடுவாள். இடையிடையே பேப்பரில், நீட்டால் உயிரை விட்ட ஏதாவது ஓர் ஊர்ப் பிள்ளையின் படம் வரும். பள்ளிச் சீருடையில், இரட்டைச் சடையோடு. அவள் எழுவதற்கு முன்பே அந்தப் பேப்பரை மடித்து என் வண்டி சீட்டுக்கு அடியில் போட்டுவிடுவேன். அவள் எல்லாவற்றையும் போனில் பார்த்துவிடுகிறாள் என்பது எனக்கு உறைப்பதற்குள் அந்த சீட்டு மூடவே முடியாத அளவுக்குத் தடித்துவிட்டது.

மாடிப்படிக்கு அடியில் தோட்டத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்துக் கேன்கள் இருந்தன. எங்கள் பக்கம் தோட்டம் வைத்திருக்கிற பாதி வீடுகளில் அங்கேதான் இருக்கும், பழைய செருப்புக்கும் கோலப்பொடி டப்பாவுக்கும் நடுவில். வருடக்கணக்காகக் கண்ணில் படாதவை ஒருநாள் காலையில் கண்ணில் பட்டன. அதற்குப் பிறகு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. அவ்வளவையும் சாக்கில் கட்டி, தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பில் தூக்கிப் போட்டேன்.

ஜீப்புக்காரன் சாக்கை மோந்து பார்த்தான். “என்னண்ணே, இந்த வெயில்ல மருந்தடிக்கப் போறீகளா?”

“முன்னேற்பாடு.”

“போன வருசம் காய் எடுத்து முடிச்சப்பறம்தான மருந்தே வாங்குனீக. இப்ப என்ன முன்னேற்பாடு?”

“உன் சோலியப் பாத்து வெரசா வண்டிய எடுப்பா.”

கேன்கள் மலையேறின. காய் உலர்த்துகிற ஸ்டோருக்குள் ஒரு மூலையில் அடுக்கிப் பூட்டினேன். வீட்டுக்கு வந்து மூச்சு விட்டபோது மகளின் அறைக் கதவில் தாழ்ப்பாள் தெரிந்தது. திருப்புளியை எடுத்து அதையும் கழற்றினேன்.

“எதுக்குங்க அதக் கழட்டுறீங்க?” என்றாள் என் மனைவி.

“துருப் பிடிச்சிருச்சு.”

“போன தீபாவளிக்குத்தான் மாட்டுனோம்.”

“மட்டமான சரக்கு.”

“உங்க கடைச் சரக்குதான்.”

இதற்கு மேல் பேசினால் உண்மையைச் சொல்ல வேண்டிவரும் என்று பயந்து, தாழ்ப்பாளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன். அடுத்த தடவை தோட்டத்துக்குப் போனபோது அதையும் கேன்களோடு வைத்துப் பூட்டினேன். ஏன் அங்கே கொண்டுபோனேன் என்று கேட்காதீர்கள். பயந்தவன் கையில் சாவி கிடைத்தால் எதையாவது பூட்டிக்கொண்டுதான் இருப்பான்.

இவ்வளவு செய்தும் தேர்வு நாள் மிச்சமிருந்தது. கேட்டுக்கு உள்ளே அவள் மட்டும் போவாள். உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிட்டால்? முதல் கேள்வியே தெரியாமல் போய், அவள் முகம் அப்படியே உறைந்துவிட்டால்? பக்கத்தில் யார் இருப்பார்கள்? நீட் எழுத வயது வரம்பு இல்லை என்று அந்த நேரம் பார்த்து டீக்கடைப் பேப்பரில் போட்டிருந்தார்கள். எனக்காகவே போட்டது போலிருந்தது.

பிரவுசிங் சென்டர் பையன் மகளின் விண்ணப்பத்தை முடித்துவிட்டு, “அவ்வளவுதானண்ணே?” என்றான்.

“இன்னொண்ணு போடு.”

“யாருக்கு?”

“எனக்கு.”

அவன் நாற்காலியைத் திருப்பி என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தான். “போட்டோவுக்குத் தலைமுடிக்குக் கறுப்படிச்சிட்டு வர்றீங்களா, இப்படியேவா?”

இப்படியேதான் போனது. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

தேர்வுக்குச் சில வாரம் இருக்கும்போது, “நானும் தோட்டத்துக்கு வர்றேன்ப்பா, தல வலிக்குது, கொஞ்சம் காத்து வாங்கிட்டு வர்றேன்” என்றாள் மகள். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசிவிட்டாளே என்ற சந்தோஷத்தில் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்டோரில் இருப்பது என் மூளைக்கு எட்டவே இல்லை. தண்ணீர்க் குழாயைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன், ஸ்டோர்க் கதவு திறந்து கிடக்கிறது. சாவியை நான்தான் அவள் கையில் கொடுத்திருந்தேன், தூக்குவாளியை உள்ளே வைக்கச் சொல்லி. உள்ளே அவள் கேன்களுக்கு முன்னால் நிற்கிறாள். கையில் தாழ்ப்பாள்.

எதற்குப் பயந்தேனோ அதன் முன்னால் நானே அவளைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன்.

“இது என் ரூம் தாப்பாதானப்பா?”

“துரு...”

“அப்பா.”

வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் கேன்களைத் தாண்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிரே சரிவில் ஏலச்செடிகள் ஆடிக்கொண்டிருந்தன. தப்பித்தால் போதுமென்று நான்தான் பேச்சை மாற்றினேன்.

“எதுக்காத்தா உனக்கு இந்தப் படிப்பு? மக்களுக்குச் சேவைன்னு விருந்தாளிகிட்டச் சொல்லுவியே, அது வேண்டாம். நெசத்தச் சொல்லு.”

“அம்மாவக் கதண்டு கொட்டுன அன்னைக்குத்தான்.”

அந்தக் கதையைச் சொல்ல வேண்டும். அவள் பத்தாவது படிக்கும்போது, இதே தோட்டத்தில், என் மனைவியைக் கதண்டு கொட்டியது. குளவியில் பெரிய சாதி, மரப் பொந்தில் கூடு கட்டும். கொஞ்ச நேரத்தில் அவளுக்கு உதடு வீங்கி, கண் மூடிக்கொண்டது. ஜீப்பில் போட்டு மலையிறங்கினோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நான் “வெரசாப் போ” என்று ஒரு தடவையும் “மெதுவாப் போப்பா” என்று ஒரு தடவையும் கத்தினேன். பாதி வழியில், கண்ணே திறக்க முடியாத மனைவியைப் பார்த்து, “பீரோ சாவிய எங்க வச்ச?” என்று கேட்டேன். ஆஸ்பத்திரிக்குக் காப்பீட்டு அட்டை வேண்டும், அது பீரோவில் இருக்கிறது. இந்த விளக்கத்தை அவள் இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை. சாகக் கிடந்தவளிடம் சாவி கேட்ட மனுசன் என்று எங்கள் சொந்தத்தில் நாலு ஊருக்கு என்னைத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் பணியில் இருந்தது ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. நான் மனைவியின் மூடிப்போன கண்ணைக் காட்டி அழுதேன், கையில் கொட்டிய இடங்களைக் காட்டி அழுதேன். அவர் அதையெல்லாம் பார்க்கவில்லை. “எச்சில் முழுங்க முடியுதா? பேசுங்கம்மா, குரலக் கேட்கணும்” என்றார். பேசிக்கொண்டே தொடையில் ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் மனைவி மூச்சு விட்டு, தண்ணீர் கேட்டாள். நான் சிரித்து, எல்லோரையும் கும்பிட்டு, கிளம்பலாம் என்று செருப்பை மாட்டினேன். “எங்க கிளம்புறீங்க?” என்றார் அவர். “இது திரும்ப வரலாம். நாளைக்குக் காலையில வரைக்கும் என் கண் முன்னாடி இருக்கணும்.”

மகள் அதைத்தான் சொன்னாள். “நீங்க பயந்தப்ப அவங்க பயப்படல. நீங்க சிரிச்சப்ப அவங்க பயந்தாங்க. நீங்க எல்லாத்துக்கும் பயப்படுவீங்கப்பா. மழைக்கு, பஸ்சுக்கு, போன் அடிச்சா, அடிக்கலைன்னா. உங்களப் பாத்து நானும் அப்படியே வளந்துட்டேன். எதுக்குப் பயப்படணும், எதுக்கு வேண்டாம்னு தெரிஞ்ச ஆள அன்னைக்குத்தான் மொத மொதப் பாத்தேன். அது எனக்கும் தெரியணும்.”

மகள் படிக்க விரும்புவதற்குக் காரணம் தான்தான் என்று கேட்க எந்தத் தகப்பனுக்கும் பெருமையாக இருக்கும். இந்தக் காரணம் தெரிந்தால் இருக்காது.

கேட்கவே கூடாது என்று வருடம் முழுக்க விழுங்கி வைத்திருந்த கேள்வி, அதற்குள் வாயில் வந்து நின்றது.

“கெடைக்கலைன்னா?”

“அழுவேன். நல்லாச் சத்தம் போட்டு அழுவேன். அதுக்கெல்லாம் நீங்க பயப்படாதீங்க.” கையில் இருந்த தாழ்ப்பாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அழாம, பேசாம இருந்தா, அப்பப் பயப்படுங்க. வந்து என்னன்னு கேளுங்க. போன தடவ யாருமே கேக்கல.”

பேப்பரை ஒளித்தேன். கேனை ஒளித்தேன். தாழ்ப்பாளைக் கழற்றினேன். அவளிடம் கேட்கவில்லை. இந்தச் சாமர்த்தியத்தைத்தான் இவ்வளவு நேரம் உங்களிடம் அளந்துகொண்டிருக்கிறேன்.

“இப்பக் கேக்குறேன்” என்றேன். “போன தடவ அந்த மாதிரி ஏதும் நெனச்சியா?”

அவள் தாழ்ப்பாளை மடியில் வைத்துவிட்டு ஏலச்செடிகளைப் பார்த்தாள். அந்த இடைவெளியில் நான் செத்துச் செத்துப் பிழைத்தேன்.

“ஒரு நாள் நெனச்சேன். மறுநாள் நெனைக்கல. இந்தக் கேன் இங்கயே இருக்கட்டும்ப்பா. தாப்பாள மட்டும் மாட்டிக் குடுங்க.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்படிப் பிடித்திருக்கும்போதே, இனி எதையும் ஒளிக்கக் கூடாது என்று தோன்றி, நானும் நீட்டுக்குப் போட்டிருப்பதைச் சொன்னேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தாள். ஏலச்செடிக்கு நடுவிலிருந்து களை எடுக்கிற பெண்கள் எட்டிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தாள். ஒரு வருடத்துக்கான சிரிப்பு அது.

ஹால் டிக்கெட் வந்தது. அவளுக்குத் தேனி. எனக்கு மதுரை.

கம்ப்யூட்டருக்குக் குடும்பம், பந்தி எதுவும் தெரியவில்லை. கிழித்துப் போட்டுவிட்டுத் தேனிக்கே வந்துவிடுகிறேன் என்றேன். மகள் ஒத்துக்கொள்ளவில்லை. “நீங்க மதுரைக்குப் போங்கப்பா. கேட்டுக்கு வெளிய நீங்க நடுங்கிக்கிட்டு நிக்கிறீங்கன்னு தெரிஞ்சா எனக்கு எழுத வராது. அம்மா வரட்டும்.” மனைவி என் சட்டையை இஸ்திரி போட்டு நீட்டினாள், அரைக்கைச் சட்டை; தேர்வுக்கு முழுக்கை கூடாதாம்.

மதுரையில் வாசல் காவலர், “சார், பேரண்ட்ஸ் அந்த மரத்தடியில நிக்கணும்” என்றார். நான் ஹால் டிக்கெட்டைக் காட்டினேன். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அரைஞாண் கயிற்றுத் தாயத்து மெட்டல் டிடெக்டரில் கத்தியது. கயிற்றை அவிழ்த்து வெளியே வைத்துவிட்டு, பேண்ட்டை ஒரு கையால் பிடித்தபடி உள்ளே போனேன். பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்தன. அவ்வளவு வெளிறிய முகங்கள் சிரித்ததைப் பார்த்தபோது, வந்ததற்கு ஒரு பிரயோசனம் ஆயிற்று என்று தோன்றியது.

கேள்வித்தாளைப் பிரித்ததும் எனக்கு வியர்த்தது. எனக்குத் தெரியாததற்காக அல்ல. ஒவ்வொரு கேள்வியையும் இந்நேரம் தேனியில் அவளும் படிக்கிறாள், அவளுக்குத் தெரியுமா, தெரியுமா என்று. நடுவில் ஒவ்வாமையைப் பற்றி, கதண்டு கொட்டி அவள் அம்மாவுக்கு வந்த அதே சங்கதியைப் பற்றி, ஒரு கேள்வி வந்தது. அதை அவள் விட மாட்டாள் என்று சத்தியமாகத் தெரிந்தது. மீதி நேரம் முழுக்க அந்தப் பக்கத்தையே திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பெயருக்கு அங்கங்கே சில வட்டங்களைக் கறுப்பாக்கினேன்.

வெளியே வந்து, கொடுத்து வைத்திருந்த போனை வாங்கி மனைவியை அழைத்தேன்.

“அழுகுறாளா?” என்றேன்.

“பரோட்டா திங்கிறா” என்றாள் மனைவி. “உங்களுக்குப் பார்சல் வாங்கவான்னு கேக்குறா.”

ரிசல்ட் வந்தது. என் மதிப்பெண் மைனஸில் இருந்தது. சும்மா உட்கார்ந்து எழுந்து வந்திருந்தால்கூட பூஜ்யம் கிடைத்திருக்கும்.

அவளுக்கு அந்தத் தடவையும் டாக்டர் படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை. அறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி அழுதாள். நான் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் கதவைத் திறந்து பசிக்கிறது என்றாள். இப்போது நர்சிங் படிக்கிறாள், இரண்டாம் வருடம்.